கேட்டதற்குக் கட்டம் இல்லை

மசீரா வளைகுடாவைத் திறந்துவிட்டார்கள் என்று
முசல்லம் வந்து சொன்னபோது
ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்துக்கொண்டிருந்தேன்.
ஏழு மாதம்.
மீன் பிடிக்க விசா எடுத்து வந்தவன்
அடுத்தவன் மீனுக்குக் குளிர் அள்ளிக்கொண்டிருந்தேன்.

முழுதாகத் திறக்கவில்லை.
ஜிபிஎஸ்ஸில் ஒரு பச்சைக் கட்டம்.
அதற்குள் இத்தனை படகு, இத்தனை பாகம் வலை,
நூறு பாகத்துக்கு ஓரிடத்தில் மெல்லிய கயிறு.
பெரியது வந்து முட்டினால்
அறுந்து வழிவிட வேண்டும்.

ஹில்ஃப் துறையில் மீன்வளத் துறை ஷம்சா
ஒரு தாள் தந்தாள்.
வால்கள். கறுப்பும் வெள்ளையுமாய் வால்கள்,
ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்.
என் லேபர் கார்டிலும் அப்படித்தான்,
முகத்துக்குக் கீழே.

மற்றக் கடல்களில் இந்தச் சாதித் திமிங்கலம்
வருசா வருசம் ஊர் மாறுமாம்,
தின்ன ஓரிடம், ஈன ஓரிடம் என்று.
இது மட்டும் போகாது. பசித்தாலும் இங்கேதான்.
நூறுகூட மிச்சமில்லை.
இந்தியில் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி.
தூத்தூரிலிருந்து வந்தவன் நான்,
என்ன சொல்ல?
ரஹ்மத்தான் கேட்டான்,
அதுக்கு யார் ஸ்பான்சர் என்று.
அவளே சிரித்துவிட்டாள்.

முசல்லம் சிரிக்கவில்லை.
ஏழு மாதக் கடன் அவனுக்கும் உண்டு.
அன்று சாயங்காலம்
வலைக்குவியல்மேல் பச்சை நைலான் சுருளொன்றை எறிந்தான்.
'மெல்லிசுக்குப் பக்கத்திலேயே இதையும் கட்டு, சில்வா.'
சிலுவை என்பது அவன் வாயில் நுழையாது.
கட்டினேன்.
பதினொன்றோ பன்னிரண்டோ முடிச்சு.
பிறகு விரல் மரத்தது, கண் சொருகியது,
மீதியை விட்டுவிட்டேன்.
இதை நல்ல எண்ணம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
தூக்கம்.

இரவு இரண்டு மணிக்கு என் காவல்.
நிலா இல்லை.
நீவாட்டில் வலை தெற்கே சாய்ந்து கிடந்தது.
முதுகுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் நடுங்குகிறது என்றுதான்
முதலில் நினைத்தேன்.
குனிந்து படகின் அடித்தளத்தில் காதை வைத்தேன்.

ஒரு கதவு.
ரொம்பப் பெரிய வீட்டின் கதவு
துருவேறிய கீலில் திறந்து,
திறந்துகொண்டே இருந்து,
பிறகு ஒரு பசுவின் பெருமூச்சு,
பிறகு மறுபடி அதே கதவு,
வரிசை பிசகாமல்,
மனப்பாடம் ஒப்பிக்கிறவன்போல.

அருகில் இருந்தால் உடனே வலையை இழுக்கவும்.
தாளில் இருந்தது.
இழுத்தால் இரண்டு மணி நேர வலை,
கால்வாசி மீன் பட்டிருக்காது.
என் பங்கு பதினாறில் ஒன்று.
சின்னவளுக்கு நர்சிங் கல்லூரியில் மூன்றாம் தவணை.
யாரையும் எழுப்பவில்லை.
காதை மட்டும் எடுக்கவில்லை.
போனை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வைத்தேன்.

விடியலில் இழுத்தோம்.
நெய்மீன், இவர்கள் வாயில் கனத்.
ரஹ்மத் எண்ணினான், எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான்.
மேற்குத் தலைப்பில் வலை கனமில்லாமல் வந்தது.
ஓர் அறை நுழையும் ஓட்டை.
மெல்லிய கயிறு
முடிச்சருகே அறுந்திருந்தது.
பக்கத்தில் பச்சை நைலான் இல்லை.
முசல்லம் கயிற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
அதை விரலில் சுற்றினான், அவிழ்த்தான்,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கரையில் ஷம்சா படிவத்தோடு நின்றாள்.
எதையாவது பார்த்தீர்களா?
பார்க்கவில்லை என்றேன்.
பொய்யில்லை.
கேட்டதற்கு அதில் கட்டம் இல்லை.
'இல்லை'யில் ஒரு கோடு போட்டவள்
கிழிந்த வலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏலம் நன்றாகப் போனது.
பணம் அனுப்பினேன், கூடவே
அந்தப் பத்தொன்பது விநாடியும்.
ஜெசிந்தா பதில் போட்டாள்:
'வெறும் இரைச்சல்தான் கேக்குது.
ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?'
ஒண்ணுமில்ல என்று எழுதினேன்.

இன்று இரவும் வலை.
ஓட்டையை ரஹ்மத் கோர்த்துக்கொண்டிருக்கிறான்.
பச்சைச் சுருள் நேற்று விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.
கட்டு என்று முசல்லம் இன்னும் சொல்லவில்லை.
எடுத்துக்கொண்டும் போகவில்லை.